சும்மா இருக்கும்போது நடுங்கிய கை

என் நைனா பதினொரு வருடங்களாகக் குடிக்கவில்லை. இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பதால் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். அவர் கை நடுங்கியதற்கும், நடை தளர்ந்ததற்கும், குரல் கம்மிப்போனதற்கும், டோல்கேட்டில் பஸ் படியிலிருந்து விழுந்ததற்கும் குடி காரணம் இல்லை. அவருக்கு வந்திருப்பது பார்கின்சன் நோய். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதில் பெரும்பகுதியை வீணாக்கியது நான்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். பெயர் ஏழுமலை. வயது ஐம்பத்தெட்டு. வீடு திருவொற்றியூரில். மணலி போகும் வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். சரக்கைத் தூக்கி அடுக்கும் வண்டி அது. நான் பள்ளியில் படித்த காலத்தில் நன்றாகக் குடிப்பார். நான் பத்தாவது படித்த வருடம் அம்மன் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் குடியை விடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டி வாக்கு வாங்கிக்கொள்வார். கயிறு கையில் இருக்கிறவரை பாட்டிலைத் தொடக் கூடாது. நைனா ஒவ்வொரு ஆடியிலும் பழைய கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டு வருவார். அன்று அம்மா பாயசம் வைப்பாள்.

நான் எண்ணூரில் வேறொரு யார்டில் பாதுகாப்பு அதிகாரி. பொறியியல் படித்துவிட்டு, தொழிற்சாலைப் பாதுகாப்பில் தனியாகப் பட்டயமும் வாங்கினேன். காலையில் கேட்டில் வரிசையாக நிற்கும் ஓட்டுநர்களிடம் மூச்சுக் கருவியை நீட்டி "ஊதுங்க" என்று சொல்வதுதான் என் நாளின் முதல் வேலை. கருவி எண் காட்டினால் அன்று அவருக்கு வண்டி கிடையாது. இதில் நான் யாருக்கும் சலுகை காட்டியதில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பட்டியல் போடாமல் எனக்கு யோசிக்க வராது. நைனாவிடம் ஏதோ சரியில்லை என்று தோன்ற ஆரம்பித்ததும் ஒரு நோட்டில் கோடு போட்டு இரண்டு பக்கமாகப் பிரித்தேன். இடது பக்கம், பார்த்தது. வலது பக்கம், காரணம். எங்கள் வேலையில் விபத்து விசாரணையை இப்படித்தான் எழுதுவோம். அந்த நோட்டில் இருப்பதை இப்போது படித்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

முதலில் இடது தோளில் வலி. சட்டைப் பட்டன் போட வெகுநேரம் ஆனது. எலும்பு மருத்துவர் ஒருவர் தோள்பட்டை இறுகியிருக்கிறது என்று சொல்லி மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார். வலி குறையவில்லை. அதன்பின் தூக்கத்தில் கத்த ஆரம்பித்தார், காலை உதறினார். ஒருமுறை அம்மாவின் தாடையில் அடி விழுந்தது. காலையில் கேட்டால், யாரோ கன்டெய்னர் மேலிருந்து தள்ளிவிட வந்தான், அவனைத்தான் உதைத்தேன் என்றார். அம்மா பாயை வெளி அறைக்கு மாற்றிக்கொண்டாள். இதற்கு நேராக வலது பக்கத்தில் நான் எழுதியது: "குடி? கேட்க வேண்டும்."

அந்த ஆடியில் அவர் கயிறு கட்டப் போகவில்லை. கேட்டதற்கு, "கூட்டத்துல நிக்க முடியல, அப்பால போறேன்" என்றார். பழைய கயிறு நைந்து அறுந்து விழுந்தது. வெறும் மணிக்கட்டைப் பார்த்த அன்று வலது பக்கத்தில் இருந்த கேள்விக்குறியை அடித்துவிட்டேன்.

பிறகு பார்த்ததெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குச் சாட்சியாகவே வந்து சேர்ந்தது. ஒரு மாலை நான் வீட்டுக்குள் நுழையும்போது கேஸ் நெடி முகத்தில் அடித்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. சமையலறைக்கு நான்கடி தூரத்தில் நைனா டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய் அடுப்பை மூடி ஜன்னலைத் திறந்தேன்.

"இன்னா நைனா, வூடே எரிஞ்சிருக்கும். மூக்கு இன்னா பண்ணிக்கினு இருந்துச்சி?"

"ஒன்னும் வாசன வர்லியேம்மா," என்றார்.

நம்பவில்லை. சுயநினைவோடு இருக்கும் மனிதனுக்கு அந்த நெடி தெரியாமல் இருக்குமா என்று யோசித்தேன். எனக்குப் பதவி உயர்வு வந்த செய்தியைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "நல்லதும்மா" என்று சொன்ன குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. அதையும் எழுதிவைத்தேன். வலது பக்கம்: "போதையில் இருக்கிறார், அல்லது என்மேல் அக்கறை இல்லை."

அடுத்து நான் செய்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். வேலையிடத்திலிருந்து மூச்சுக் கருவியைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருக்க, நைனாவிடம் நீட்டி "ஊது" என்றேன். அவர் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கி ஊதினார். கருவிக்கு விடாமல் சில நொடிகள் ஊத வேண்டும். அவர் மூச்சு பாதியில் நின்றது. கருவி பிழை என்று கத்தியது.

"சரியா ஊது நைனா. ஏமாத்தாத."

மறுபடி ஊதினார். மூன்றாவது முறைதான் முழுதாக வந்தது. பூஜ்யம். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் நோட்டில் எழுதினேன்: "பூஜ்யம். நேற்றே குடித்திருக்கலாம்."

எங்கள் கேட்டில் எத்தனையோ பேர் என் முன்னால் பூஜ்யம் காட்டிவிட்டு நிமிர்ந்து போயிருக்கிறார்கள். அந்த எண்ணை நான் நம்பாமல் போனது என் அப்பாவிடம் மட்டும்தான்.

அடுத்த வாரம் அவருடைய யார்டின் சூப்பர்வைசருக்கு ஃபோன் செய்தேன். பயிற்சி வகுப்புகளில் அவரைப் பார்த்திருக்கிறேன். "சார், எங்க அப்பா மறுபடியும் குடிக்கிறார்னு சந்தேகமா இருக்கு. அவர வண்டியில ஏத்தாதீங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க," என்றேன். அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே நைனாவை வண்டியிலிருந்து இறக்கி, ஷெட்டில் மூட்டை எண்ணிக் கணக்கு எழுதும் வேலையில் உட்கார வைத்தார். ஏன் என்று கேட்டவர்களிடம் கையால் வாயில் பாட்டிலைச் சாய்ப்பது போலக் காட்டியிருக்கிறார். யார்டு முழுக்க அது பரவிவிட்டது.

நைனா அன்று சூப்பர்வைசர் அறைக்குள் போகும்போது, எதிரே வெளியே வந்தவர் கபூர் பாய். அடுத்த வண்டியை ஓட்டுகிறவர், நைனாவோடு இருபது வருடமாக ஒரே இடத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர். போட்டுக்கொடுத்தது அவர்தான் என்று நைனா முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து அவரோடு பேசுவதை விட்டார். வீட்டில் வந்து சொன்னார்: "தோஸ்துன்னு நெனச்சேன். கூடவே துன்னுட்டு கூடவே குழி பறிச்சிட்டான்." நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, வேலைக்குப் போகும் வழியில், டோல்கேட்டில் பஸ் மாற இறங்கும்போது படியில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிட்டது, பின்னால் வந்தவர்கள் நெருக்கியதில் விழுந்துவிட்டார். மண்டை உடைந்து ரத்தம். காலை எட்டு மணி. "இந்நேரத்துலயே ஊத்திக்கினு வந்துட்டான் பார்" என்று யாரோ சொன்னது நினைவிருக்கிறது என்று நைனா பிற்பாடு சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் தூக்கவில்லை. டீக்கடைக்காரர் ஒருவர்தான் தண்ணீர் கொடுத்து, நைனாவின் ஃபோனிலிருந்து என்னை அழைத்தார்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தையல் போட்டார்கள். தலையை ஸ்கேன் செய்து, உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்றார்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த இளம் டாக்டர் என்னிடம் கேட்டார்.

"குடிப்பழக்கம் உண்டா?"

நைனா பக்கத்திலேயே படுத்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது.

"முன்னாடி இருந்துச்சு. நடுவுல விட்டார். மறுபடி ஆரம்பிச்சிருக்கார்னு நெனைக்கிறேன்," என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. படித்த மகள், நிதானமாகப் பேசுகிற பெண், பொறுப்பாகத் தகவல் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். கையில் நடுக்கமும் இருந்ததால், குடியைத் திடீரென நிறுத்துகிறவர்களுக்கு வரும் நடுக்கத்துக்கான மாத்திரையை எழுதினார். அது மயக்கம் தரும் மாத்திரை. வார்டுக்கு மாற்றினார்கள். இரண்டு நாள் நைனா கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாகவே கிடந்தார். அம்மா கஞ்சியைக் கரண்டியில் எடுத்து உதட்டருகே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவரைத் திட்டவில்லை. என்னையும் ஒன்றும் சொல்லவில்லை. "எப்டியோ மண்ட காயத்தோட போச்சி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடுத்த கட்டிலில் பக்கவாதம் வந்த ஒருவர். அவர் மனைவி அஞ்சலை, முகத்துவாரக்குப்பத்திலிருந்து வந்திருந்தார். மீன் விற்கிறவர். அம்மாவுக்கு உட்கார ஸ்டூல் இல்லை என்று பார்த்து, தன்னுடையதைத் தள்ளிக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டவர். இரண்டாம் நாள் மதியம் நைனாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, இவரு குடிக்காரருன்னா சொன்னாங்க?"

"ஆமாக்கா."

"யார் சொன்னது?"

நான் கஞ்சிப் பாத்திரத்தை எடுத்து மூடிவைத்தேன்.

"தோ பாரு. எங்கூட்டு ஆளு முப்பது வருசம் குடிச்சாரு. அதுனாலதான் இப்டி கீறாரு. குடிக்கிறவன் கை எப்டி ஆடும்னு எனக்குத் தெரியும். சொம்பு புடிக்கசொல்ல ஆடும், பீடி பத்தவைக்கசொல்ல ஆடும். சொம்மா வெச்சிக்கினு இருந்தா ஆடாது. ஒங்கப்பாவுக்கு தலகீழா கீது. சொம்மா மடில கெடக்கசொல்ல ஆடுது, டம்ளரப் புடிச்சா நின்னுடுது. அதுவும் ஒரே கை. குடிச்சா ஒரு கையா குடிக்கும்?"

அவர் சிரிக்கவில்லை. நான் நைனாவின் இடது கையைப் பார்த்தேன். போர்வைமேல் கிடந்தது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல மெல்ல அசைந்துகொண்டிருந்தன. அதை நான் பல மாதங்களாகப் பார்த்திருந்தேன். நோட்டில் எழுதியும் இருந்தேன். வண்டி ஓட்டும்போது அந்தக் கை ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும், அதனால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. நடுங்கியதெல்லாம் வீட்டில், டிவி முன்னால், என் கண்ணெதிரேதான்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரை நிறுத்தி அஞ்சலை அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். நரம்பியல் பிரிவிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தார்கள். நாற்பது வயதிருக்கும், கண்ணாடி போட்ட பெண். முதலில் அந்த மயக்க மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள், நைனா தெளிந்த பிறகு, வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

நான் எதிர்பார்த்தது இயந்திரங்களை. அவர் செய்ததெல்லாம் கையால். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வேகவேகமாகத் தட்டச் சொன்னார். வலது கை தட்டியது. இடது கை நான்கைந்து தட்டுக்குப் பின் சுருங்கி, விரல்கள் ஒட்டிக்கொண்டது போல நின்றது. முழங்கையைப் பிடித்து மெதுவாக நீட்டி மடக்கினார். பிறகு என் கையை எடுத்து அங்கே வைத்து "உணர முடியுதா?" என்றார். பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகர்வது போல விட்டுவிட்டு அசைந்தது. தசை இறுக்கம் என்றார். தோள் வலியும் இதனால்தான் இருக்கும் என்றார். நடக்கச் சொன்னார். வலது கை வீசியது, இடது கை உடம்போடு ஒட்டியே வந்தது. பின்னால் நின்று தோளைச் சட்டென்று இழுத்தார். நைனா மூன்று நான்கு அடி பின்வாங்கித்தான் நின்றார்.

கடைசியில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, "எதாவது ஒரு வரி எழுதுங்க அப்பா. அதையே நாலு தடவ எழுதுங்க," என்றார்.

நைனா மெதுவாக எழுதினார். முதல் வரி ஓரளவு பெரிதாக இருந்தது. அடுத்தது அதைவிடச் சிறிது. நான்காவது வரி எறும்பு ஊர்ந்தது போலத் தாளின் ஓரத்தில் தேய்ந்துபோயிருந்தது. நான்கு வரியிலும் ஒரே வாசகம்தான். "நான் குடிக்கல."

டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "ஹிஸ்டரி யார் குடுத்தது?"

"நான்தான் மேடம்."

"எப்பலேருந்து என்னென்ன மாற்றம்னு சொல்ல முடியுமா? தேதி ஞாபகம் இருக்கா?"

என் கைப்பையில் நோட்டு இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் வலது பக்கம் நினைவுக்கு வந்தது. அவர் பக்கம் பக்கமாகப் படித்தார். வாசனை தெரியாதது, கனவில் உதைத்தது, மலச்சிக்கல், குரல் தாழ்ந்தது, முகம் அசையாதது, பட்டன், நடை. எல்லாம் தேதியோடு இருந்தன.

"இடது பக்கம் எழுதினது எல்லாமே சரியா இருக்கும்மா," என்றார். "இவ்வளவு தெளிவா யாரும் எழுதிட்டு வர்றதில்ல." வலது பக்கத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் எழுதுகிறேன். மூளைத்தண்டின் மேற்பகுதியில் சில செல்கள் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கின்றன. உடம்பு நினைத்தவுடன் சுலபமாக அசைய அது வேண்டும். பார்கின்சனில் அந்தச் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. கை நடுக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே வாசனை போகலாம், கனவில் கைகால் ஆடலாம், மலச்சிக்கல் வரலாம். நடுக்கமே இல்லாதவர்களும் உண்டு. பொதுவாக ஒரு பக்கத்தில் ஆரம்பிக்கும். முகத் தசைகளும் மந்தமாகும். மனதில் இருப்பது முகத்துக்கு வராது. பார்க்கிறவர்கள் கோபம் என்றோ அலட்சியம் என்றோ நினைத்துக்கொள்வார்கள். இதைச் சொல்லும்போது அவர் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

ரத்தத்தில் தைராய்டு, பி12 பார்த்தார்கள். எம்ஆர்ஐ எடுத்தார்கள். பார்கின்சனை உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது என்பதும், எம்ஆர்ஐ எடுப்பது வேறு நோய் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நைனா சாப்பிட்ட மாத்திரைகள் எல்லாவற்றையும் டாக்டர் கொண்டுவரச் சொன்னார். அம்மா ஒரு பாலித்தீன் பை நிறைய அள்ளி வந்தாள். அதில் தலைசுற்றலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு மாத்திரைப் பட்டையைத் தனியே எடுத்து, "இந்த மாதிரி மாத்திரையே சிலருக்கு இதே அறிகுறிகளக் கொண்டுவரும். இத நிறுத்திப் பார்ப்போம்," என்றார். அடுத்த சில வாரங்கள் நான் அந்தப் பட்டைமேல் எல்லா நம்பிக்கையையும் வைத்திருந்தேன். நிறுத்தியும் மாற்றம் இல்லை. அதன்பிறகுதான் பெயரை உறுதியாகச் சொன்னார், டோபமைனாக மாறும் மாத்திரையைத் தொடங்கினார்.

மருத்துவமனையில் இன்னொன்று நடந்தது. நைனா தெளிந்த அன்று மாலை கபூர் பாய் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நைனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாய் பத்து நிமிடம் நின்றார். "இன்னாடா கோவம், சொல்லிட்டு கோச்சிக்க," என்றார். நைனா திரும்பவில்லை. பாய் பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். நான் வார்டு வாசல் வரை அவரோடு நடந்தேன். சொல்லியிருக்கலாம். "பார்த்துப் போங்க பாய்" என்று மட்டும் சொல்லித் திரும்பி வந்தேன்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரம் குமட்டல் இருந்தது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுக்க வேண்டும், ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று அட்டவணை போட்டேன். மூன்றாவது வாரம் ஒருநாள் நைனா குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன் நின்று சட்டைப் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று, போட்டு முடிக்கும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இது குணமாவது இல்லை. டாக்டர் தெளிவாகவே சொன்னார். நோய் மெல்ல நகரும், மருந்தின் அளவும் கூடிக்கொண்டே போகும், பயிற்சியும் நடையும் முக்கியம். ஃபோர்க்லிஃப்ட் இனிமேல் வேண்டாம் என்றும் சொன்னார்.

டாக்டர் அப்படிச் சொன்ன அன்று மதியம் சாப்பிடும்போது நைனா சொன்னார்: "வண்டி போனது கூட பரவால்ல. டாக்டரம்மாவே ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. ஆனா இந்த கபூரு எம்மேல இல்லாதத சொன்னான் பாரு, அத்த மட்டும் மறக்க மாட்டேன்."

நான் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

"கபூர் பாய் சொல்லல நைனா. நான்தான் ஃபோன் பண்ணேன்."

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். நான் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. கண் சிமிட்டுவது கூடக் குறைவாகத்தான் இருந்தது. கோபமா, அதிர்ச்சியா, அழப்போகிறாரா, எதையும் என்னால் படிக்க முடியவில்லை. என்ன வந்திருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். வெறும் முகத்தின் எதிரே உட்கார்ந்து காத்திருப்பதற்குத்தான் தயாராக இல்லை.

வெகுநேரம் கழித்து, அந்தத் தாழ்ந்த குரலில் கேட்டார். "எப்ப?"

சொன்னேன். ஊதச் சொன்னதற்கு அடுத்த வாரம் என்றேன்.

"பூஜ்யம் வந்துச்சில்ல?"

"வந்துச்சி."

"அப்பால இன்னாத்துக்கு?"

அவர் தட்டை ஓரமாகத் தள்ளினார். "கபூரு ஆஸ்பத்திரிக்கு வந்தான். மூஞ்சக் குடுத்துப் பேசல நானு," என்றார். பிறகு, "எங்கிட்ட சொல்லிட்ட. அங்க யார்டுல கீறவனுங்களுக்கு யார் சொல்றது? அவனுங்கல்லாம் குடிகாரன்னுதானே நெனச்சிக்கினு கீறானுங்க?"

"நான் சொல்றேன்."

"ஃபோன்ல சொல்லாத," என்றார்.

அவர் யார்டில் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் எல்லோரையும் ஷெட் வாசலில் நிற்கவைத்துப் பாதுகாப்பு பற்றி ஐந்து நிமிடம் பேசுவார்கள். சூப்பர்வைசரிடம் அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டேன்.

"எதுக்கும்மா அதெல்லாம், எல்லாரும் மறந்திருப்பாங்க," என்றார்.

"பாட்டில் மாதிரி கை காட்டினது நீங்க சார். சொன்னது நான். ரெண்டு பேரும் மறக்க முடியாது," என்றேன். அவர் சரி என்றார்.

நைனாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். கேட்டுக்குள் வரமாட்டேன் என்று ஆட்டோவிலேயே உட்கார்ந்துவிட்டார். ஹெல்மெட்டும் மஞ்சள் சட்டையுமாக முப்பது பேர் நின்றிருந்தார்கள். கடைசி வரிசையில் கபூர் பாய். இதைவிடப் பெரிய கூட்டங்களில் நான் தயங்காமல் பேசியிருக்கிறேன். அன்று எழுதிக்கொண்டு போனதை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்: என் அப்பா ஏழுமலை பதினொரு வருடமாகக் குடிக்கவில்லை, அவருக்கு நரம்பு நோய், குடிக்கிறார் என்று புகார் சொன்னது நான், வேறு யாரும் இல்லை, பரிசோதித்து இல்லை என்று தெரிந்த பிறகும் சொன்னேன். அறிகுறிகளையும் சொன்னேன். சும்மா இருக்கும்போது ஒரு கை மட்டும் நடுங்கினால், வாசனை தெரியாமல் போனால், எழுத்து சிறிதானால், நடக்கும்போது ஒரு கை வீசாமல் நின்றால் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள் என்றேன்.

"இது ஒட்டிக்கிமா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"ஒட்டாது."

இன்னொருவர் தன் மாமனாருக்கும் இப்படித்தான் என்று ஆரம்பித்து, எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. வண்டிகளுக்குக் கலைந்து போனார்கள். கபூர் பாய் மட்டும் அருகே வந்தார்.

"ஏம்மா ரேவதி, இத்த அன்னிக்கே ஆஸ்பத்திரில சொல்லிருந்தியின்னா, நான் வாங்கியாந்த ஆப்பிளயாவது அவன் துன்னுருப்பான்."

"மன்னிச்சிடுங்க பாய்."

"என்ன இன்னாத்துக்கு கேக்கற? எங்க அவன்?"

ஆட்டோவைக் காட்டினேன். பாய் போய் உள்ளே தலையை நீட்டினார்.

"இன்னாடா ஏழுமல, இன்னும் மூஞ்ச உர்ருன்னு வெச்சிக்கினு கீற? அதான் உம்பொண்ணு சொல்லிட்டால்ல?"

"மூஞ்சி இனிமே அப்டிதான்டா கெடக்கும்," என்றார் நைனா. "உள்ள சிரிச்சிக்கினுதான் கீறேன். நீயா பாத்து புரிஞ்சிக்க."

பாய் உள்ளே ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வேலை தொடங்கும் சைரன் அடிக்கும்வரை இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கேட் அருகே வெயிலில் நின்றேன். அது அவர்களுடைய நேரம்.

திரும்பி வரும் வழியில் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் நீளமாக நின்றிருந்தன. ஆட்டோ நகரவில்லை. நைனா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை இரண்டு மூன்று முறை பார்த்தேன். முன்பெல்லாம் அதைப் பார்த்து நானாக ஒன்றை நினைத்துக்கொண்டு எழுதிவைப்பேன். இப்போது கேட்பதைத் தவிர வழியில்லை.

"எம்மேல கோவமா நைனா?"

சொல் உதட்டுக்கு வர அவருக்கு நேரமாகும். காத்திருந்தேன். முன்னால் நின்ற லாரி ஒன்று கிளம்பிப் போனது.

"ஆமா," என்றார்.

நான் தலையாட்டினேன். ஆட்டோ கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நின்றது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நாளிக்கும் கேளு," என்றார்.